செனட்டருக்குச் சொல்லாத செய்தி

மார்ச் பதினொன்றாம் தேதி காலை வளையின் வாயில் ஒரு மூக்கு தெரிந்தது. சமையலறை ஜன்னல் வழியே காசிமிரோ அதைப் பார்த்தார். மூன்று மாதமாக எந்த நாளை நினைத்துப் பயந்துகொண்டிருந்தாரோ அந்த நாள் வந்துவிட்டது.

மூக்குக்குச் சொந்தக்காரர் செனட்டர். பாலைவனத்து ஆமை. அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்து, வீட்டையும் முற்றத்தையும் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்கு வந்தது. பெயர் வைத்தவள் காசிமிரோவின் மனைவி எர்லிந்தா. “பாதி வருஷம் தூங்குறான். முழிச்சிருக்கிற பாதியில தின்னுறான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசறதில்ல. வேற என்ன பேரு வைக்கச் சொல்றீங்க?” என்று கேட்டாள். அரிசோனாவில் அந்தப் பெயருக்கு யாரும் விளக்கம் கேட்டதில்லை.

போன அக்டோபர் கடைசியில் செனட்டர் வளைக்குள் இறங்கியபோது எர்லிந்தா வாயிலில் குந்தி உட்கார்ந்து, “போய்த் தூங்குடா, மார்ச்ல பாக்கலாம்” என்று சொல்லி அனுப்பினாள். டிசம்பர் ஒன்பதாம் தேதி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்துவிட்டாள். காசிமிரோ அப்போது வெளியே வண்டிக்கு பாட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்த சத்தம் கேட்டு, “குழாயை மூடித் தொலைக்க மாட்டியா?” என்று கத்திக்கொண்டே போனார். அவர் அவளிடம் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். அவள் காதில் அது விழுந்ததா என்பது இன்றுவரை தெரியாது.

ஒரு வாரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அவர்கள் ஊரான அஹோ சின்ன ஊர். சுரங்கம் மூடிப்போன பிறகு இன்னும் சின்ன ஊர். தபாலாபீஸ் பெண்ணிலிருந்து பெட்ரோல் பங்க் ஆள் வரைக்கும் அவரைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டார்கள். விஷயம் தெரியாத ஜீவன் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மண்ணுக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தது. குளிர்காலம் முழுக்க காசிமிரோ ஜன்னலருகே நின்று அந்த மண்மேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குள்ளே இருப்பவனைப் பொறுத்தவரை எர்லிந்தா இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார். கேட்டால் சிரிப்பார்கள், அதனால் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று மாதத்தில் அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் அது.

இப்போது அவன் எழுந்துவிட்டான்.

ஓட்டின் மேல் மண் அப்பியிருக்க, செனட்டர் ஒவ்வொரு காலாக வெளியே எடுத்து வைத்தது. கொஞ்ச நேரம் வெயிலில் கண்ணை மூடிக் கிடந்தது. பிறகு நேராக சீமைக்கருவேல மரத்தடிக்கு நடந்தது. அங்கே எர்லிந்தாவின் இரும்பு நாற்காலி காலியாகக் கிடந்தது. செனட்டர் அதன் முன்னால் போய் நின்று கழுத்தை நீட்டி மேலே பார்த்தது.

கம்பிவலைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்த காசிமிரோவால் அதைப் பார்க்க முடியவில்லை. உள்ளே போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கோப்பையை எடுத்து மறுபடி கழுவினார்.

அந்த வீட்டில் வேலைப் பிரிவினை ரொம்பத் தெளிவு. ஆமைக்கு வீடு கட்டுவது அவர் பொறுப்பு, சோறு போடுவது அவள் பொறுப்பு. சுரங்கத்தில் வெல்டராக இருந்தவர், எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. சரிவாகப் பள்ளம் தோண்டி, இரண்டு பக்கமும் ஹாலோ பிளாக் கல் அடுக்கி, மேலே தடித்த பிளைவுட் பலகை போட்டு, பிளாஸ்டிக் விரித்து, அதன் மேல் ஒன்றரை அடி மண்ணைக் கொட்டி மேடாக்கியிருந்தார். வாயில் கிழக்கே பார்த்திருக்கும். குளிர்காலத்துக் காலை வெயில் உள்ளே நுழையும், கோடைகாலத்து மேற்கு வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. முதல் வருஷத்து ஜூலை மழையில் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று வாயிலுக்கு முன்னால் ஒரு வரப்பும் எடுத்தார். வெளியே தரையில் முட்டை பொரிக்கலாம் என்கிற நாளில்கூட வளைக்குள் கையை விட்டால் ஜில்லென்று இருக்கும். “எனக்குக் கட்டின வீட்டுல ஒழுகுது, ஆமைக்குக் கட்டினதுல ஒரு சொட்டு இறங்கல. நல்லா இருக்குய்யா உங்க நியாயம்” என்பாள் எர்லிந்தா.

சோறு விஷயத்தில் அவர் தலையிட்டதே இல்லை. காலை ஒன்பது மணிக்கு அவள் ஓரம் உடைந்த எனாமல் தட்டோடு மரத்தடிக்குப் போவாள். தட்டில் இலையோ பூவோ என்னவோ இருக்கும். சனிக்கிழமைகளில் அவள் கூப்பிடும்போது ஒரு காபி கொண்டுபோய்க் கொடுப்பதைத் தவிர அந்தப் பக்கம் அவருக்கு ஜோலி இருந்ததில்லை.

அதனால்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். எர்லிந்தாவுக்காக ஒன்பது நாள் ஜெபமாலை வைத்தபோது தினமும் முப்பது நாற்பது பேர் வருவார்கள் என்று, முந்தின நாளே மண்வெட்டியை எடுத்தார். இந்த ஊரில் வாசல் சுத்தமாக இருந்தால்தான் மரியாதை. வேலியோரம் இருந்த காட்டுச்செடி, காய்ந்து படர்ந்திருந்த அருகம்புல், பேர் தெரியாத களை எல்லாவற்றையும் வேரோடு செதுக்கி, மண்ணை வாரி, தண்ணீர் தெளித்து, தரையைத் தளம் போட்டது போல் ஆக்கிவிட்டார். வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். தொட்டியில் இருந்த செம்பருத்தியை மட்டும் விட்டுவைத்தார். அதற்குத் தண்ணீர் ஊற்ற மறந்துபோய் அது ஜனவரியில் செத்தது.

செனட்டர் எழுந்த அன்று அகலமான தட்டத்தில் தண்ணீர் வைத்தார். அது அவருக்குத் தெரியும். தூங்கி எழுந்தால் முதலில் தண்ணீர். செனட்டர் தாடையை முக்கி நெடுநேரம் குடித்தது. அப்பாடா என்று கடைக்குப் போய் லெட்டூஸ் கீரை வாங்கி வந்து எனாமல் தட்டில் வைத்தார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாளும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு டெல்பர்ட் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். சுரங்கத்தில் இருபது வருஷம் கூட வேலை செய்தவர். இந்தப் பாலைவனத்தின் பூர்வகுடிக்காரர்.

“யோவ், என்னய்யா அது தட்டுல? முயல் வளக்கறியா?”

“கீரைய்யா. நல்ல கீரை. ஃப்ரிட்ஜுல இருந்து எடுத்தது.”

“அதுல என்ன இருக்கு, வெறும் தண்ணி. உன் பொண்டாட்டி இதைப் போட்டு நான் பாத்ததில்லையே.” டெல்பர்ட் முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். “ஆமா, இங்க வேலியோரம் செம்மஞ்சளாப் பூக்குமே ஒரு செடி, அது எங்க? புல்லையும் காணோம்?”

“செதுக்கிட்டேன். ஜெபத்துக்கு ஆளுங்க வந்தாங்கல்ல.”

டெல்பர்ட் தலையில் கையை வைத்துக்கொண்டார். “அடப்பாவி. அவன் சோத்துப் பானையைக் கவுத்துப்புட்டு அவனைச் சாப்பிடுன்னா எப்படிய்யா சாப்பிடுவான்? அதையெல்லாம் அவ வளத்தாய்யா. களைன்னு நெனைச்சியா?”

காசிமிரோ வேலியோரத்தைப் பார்த்தார். பத்தொன்பது வருஷம் அவள் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறார். வேலியோரம் ஏன் வீணாக ஊற்றுகிறாய் என்று சண்டைகூடப் போட்டிருக்கிறார். அவள் பதில் சொல்லியிருப்பாள். அவர்தான் கேட்கவில்லை.

டெல்பர்ட் தன் வீட்டுப் பின்னாலிருந்து சப்பாத்திக்கள்ளியின் இளம் மடல்களை அறுத்து, முள்ளை நெருப்பில் வாட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். காசிமிரோ வண்டியை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஓரம் போய் அந்தச் செம்மஞ்சள் பூவைப் பறித்தார். எழுபத்திரண்டு வயது ஆள் தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்துப் பூப்பறிப்பதைப் பார்த்து லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டு போனான். போகட்டும். கொண்டுவந்து வைத்ததை செனட்டர் மோந்து பார்த்தது. அவ்வளவுதான். காலையில் எழுந்தது, நாற்காலிக்கு முன்னால் போய் நின்றது, வெயில் ஏறும்வரை காத்திருந்தது, பிறகு வளைக்குத் திரும்பியது. எல்லா நாளும் இதேதான்.

டூசானிலிருந்து சோய்லா தினமும் போன் செய்தாள். எர்லிந்தாவின் தங்கை. அக்காளைப் போலவே குரல், அக்காளிடம் இல்லாத கறார். ஜெபமாலை முடிந்த மறுநாள் காகிதப் பெட்டியைக் கிண்டி ஆமையை வளர்க்க அரசாங்கம் கொடுத்த பத்திரத்தை எடுத்தவள் அவள்தான். எர்லிந்தா பேரில் இருந்த பத்திரம். ‘எனக்குப் பிறகு பராமரிப்பவர்’ என்ற இடத்தில் சோய்லா பெயரை எழுதியிருந்தாள். காசிமிரோ பெயர் எங்கேயும் இல்லை. அன்று அவருக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது.

“அக்கா தப்பா ஒண்ணும் நெனைக்கல மச்சான். ‘அவர் கையில குடுத்தா பீன்ஸும் ரொட்டியும் போட்டு ஒரு மாசத்துல கொன்னுடுவார்’னு சொல்லுவா. அதான்.”

“அவன் எங்கயும் வரமாட்டான். இது அவன் வீடு. நான் கட்டினது.”

சோய்லா வாதாடவில்லை. அவன் எழுந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் இங்கேயே இருக்கட்டும், ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குள் சாப்பிடாவிட்டால் வந்து எடுத்துப் போவேன் என்றாள். அவள் வீட்டில் பெரிய முற்றம். அங்கே புல் இருந்தது, செடிகள் இருந்தன. வளைகூடத் தோண்டி வைத்துவிட்டாளாம். காசிமிரோ சரியென்றார். அப்போது குளிர்காலம், ஏப்ரல் எங்கேயோ இருந்தது.

“சாப்பிட்டானா?” இதுதான் அவளுடைய ஹலோ.

“கொஞ்சம்.”

“கொஞ்சம்னா எத்தனை வாய்?”

“எண்ணிக்கிட்டா உக்காந்திருக்க முடியும்?”

“அக்கா எண்ணுவா, மச்சான்.”

போனை வைத்த பிறகு அவர் வெகுநேரம் அங்கேயே நிற்பார். அந்தக் குரலை இன்னும் கொஞ்சம் கேட்கவேண்டும் போலிருக்கும். பொய் சொன்னதற்கு வெட்கமாகவும் இருக்கும். பிறகு பீன்ஸ் டப்பா ஒன்றைத் திறந்து, சூடுபடுத்தாமல், நின்றபடியே தின்பார். இரண்டு நாற்காலி போட்ட சாப்பாட்டு மேஜையில் டிசம்பருக்குப் பிறகு அவர் உட்கார்ந்ததில்லை.

இரண்டாவது வாரக் கடைசியில் பொறுமை போய்விட்டது. தட்டு ஒரு பக்கம் இருக்க, செனட்டர் வழக்கம்போல நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நிற்க, காசிமிரோ விறுவிறுவென்று போய் அதை இரண்டு கையாலும் தூக்கித் தட்டுக்கு முன்னால் வைக்கப்போனார். பாதி வழியில் அது மூத்திரம் பெய்தது. கொஞ்சநஞ்சமல்ல, கால்சட்டை முழுக்க, பூட்ஸுக்குள்ளே வரைக்கும். அப்போதுதான் எர்லிந்தா போட்டிருந்த ஒரே சட்டம் ஞாபகம் வந்தது. என்ன ஆனாலும் அவனைத் தூக்காதீங்க, பயந்தா விட்டுடுவான், அது கோடைக்காக அவன் வயித்துல சேத்து வச்சிருக்கிற தண்ணி.

சாப்பாடும் இல்லை, இப்போது சேமித்த தண்ணீரும் போயிற்று. காசிமிரோ ஆமையைத் தண்ணீர்த் தட்டத்தில் இறக்கி விட்டுவிட்டு, ஈரக் கால்சட்டையோடு தரையிலேயே உட்கார்ந்தார்.

“எதுக்குடா அங்கயே போய் நிக்கற?” என்று கத்தினார். “யாருக்காக நிக்கற? அவ வரமாட்டாடா. அவ…”

செனட்டர் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. தாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவருக்கு மீதி வாக்கியம் வரவில்லை. பாதிரியாரிடம் சொல்லியிருக்கிறார், பாங்கில் சொல்லியிருக்கிறார், போனில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். இந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல நாக்கு எழவில்லை.

அடுத்த வாரம் செனட்டரின் நடை தளர்ந்தது. கண்ணைச் சுற்றிக் குழி விழுந்தது. காசிமிரோ தினமும் தட்டத்தில் தண்ணீர் மாற்றினார், மடலை மாற்றினார், பூவை மாற்றினார். அந்த ஆமை போய்விட்டால் எர்லிந்தாவின் காலடிச் சத்தம் தெரிந்தவர்கள் இந்த வீட்டில் தன்னைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. கடைசி சனிக்கிழமை வந்தது. மறுநாள் சோய்லா வருகிறாள்.

அன்று காலை முதல்முறையாக அவர் எர்லிந்தாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். செனட்டர் வந்தது. பூட்ஸைப் பார்த்தது, திரும்பப் போனது. என்ன தோன்றியதோ, காசிமிரோ குனிந்து பூட்ஸைக் கழற்றினார். காலுறையையும் உருவினார். வெயிலையே பார்க்காத இரண்டு வெளுத்த பாதங்கள் மண்ணில் பதிந்தன. போய்க்கொண்டிருந்த செனட்டர் நின்றது. திரும்பி வந்தது. இதுவரை இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. அவருடைய கட்டைவிரலை மோந்து பார்த்து, கழுத்தை நீட்டியபடி காத்திருந்தது. எதையோ தேடியது போலிருந்தது. இல்லையென்று தெரிந்ததும் தலையை இழுத்துக்கொண்டு நடந்தது.

அதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தவருக்குச் சட்டென்று பொறி தட்டியது. இன்று சனிக்கிழமை. சனிக்கிழமையென்றால் எர்லிந்தா இதே நாற்காலியில் உட்கார்ந்து, கவிழ்த்துப் போட்ட வாளிமேல் காலை வைத்து, விரலுக்கு விரல் பஞ்சு செருகிக்கொண்டு, கால்நகத்துக்கெல்லாம் பாலிஷ் போடுவாள். இரத்தச் சிவப்பு. அது தவிர வேறு நிறம் அவள் போட்டதில்லை. நாற்றம் தாங்கவில்லை என்று இவர் திட்டுவார். “காயற வரைக்கும் என்னால எந்திரிக்க முடியாது, ஒரு காபி கொண்டாங்க” என்று அவள் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள். “உனக்கு வேற வேலையில்ல” என்று சொல்லிக்கொண்டே கொண்டுபோய்க் கொடுப்பார். நாற்பத்தொரு வருஷம் அப்படித்தான். நடுநடுவே சில நாள், “ஐயோ, என் விரலு!” என்று அலறுவாள். செனட்டர் கடித்திருக்கும். சிவப்பு எதைப் பார்த்தாலும் பூவென்றோ கள்ளிப்பழமென்றோ நினைத்து அதற்கு வாய் போய்விடும். “இந்தா, இதைத் தின்னு, என்னை விட்டுடு” என்று அவள் சிரித்துக்கொண்டே பூவைக் கால்விரலோரம் போடுவாள். பத்தொன்பது வருஷமாக அந்த ஆமைக்குச் சோறு என்றால் சிவப்பு நகத்துக்குப் பக்கத்தில் இருப்பது.

காசிமிரோ வெறுங்காலோடு உள்ளே ஓடினார். எர்லிந்தாவின் சாமான்களை டிசம்பரிலேயே சோய்லாவும் மற்றப் பெண்களும் மூட்டை கட்டி எடுத்துப் போய்விட்டார்கள். குளியலறை அலமாரியில், அவருடைய சவரக் கிண்ணத்துக்குப் பின்னால், ஒரே ஒரு புட்டி தப்பியிருந்தது. பாதிதான் இருந்தது. மூடி இறுகிப் போயிருந்ததால் குறடு போட்டுத் திருகவேண்டியிருந்தது. திறந்ததும் அந்த நாற்றம் வந்தது. அவர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதார். அடக்கம் செய்த அன்றுகூட இப்படி அழவில்லை.

மரத்தடியில் வாளியைக் கவிழ்த்துக் காலைத் தூக்கி வைத்தார். இரும்பில் கோடு பிசகாமல் பற்ற வைத்த கை, ஒரு நகத்துக்குள் நிற்கமாட்டேன் என்றது. பாதி தோலில், மீதி வாளியில்.

சுவருக்கு மேலே டெல்பர்ட்டின் தொப்பி எழுந்தது. “யோவ்! என்னய்யா பண்ற?”

“உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போய்யா.”

டெல்பர்ட் போகவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கிண்டல் வரும் என்று காசிமிரோ பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“இடது கால் சுண்டுவிரலை விட்டுட்ட” என்றார் டெல்பர்ட். தொப்பி கீழே போனது. அரை மணி நேரத்தில் சுவர்மேல் புதிதாக வாட்டிய கள்ளி மடல் நான்கு இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு அவர் நாற்காலியில் இருந்தார். வெறுங்கால். மடியில் எனாமல் தட்டு. கள்ளி மடலைச் சின்னதாக நறுக்கி, விடிந்ததும் போய்ப் பறித்துவந்த செம்மஞ்சள் பூவை மேலே தூவியிருந்தார். ஒன்பதரைக்கு வளையின் வாயில் மூக்கு தெரிந்தது. செனட்டர் வெளியே வந்தது, வெயிலில் கிடந்தது, நடந்தது. பாதி வழியில் நின்றது. கழுத்து நீண்டது. பிறகு அது வந்த வேகத்தை ஆமை வேகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

“ஐயோ, என் விரலு!” காசிமிரோ நாற்காலியிலேயே துள்ளினார்.

கட்டைவிரலில் நன்றாகவே பதிந்துவிட்டது. வலியோடு வலியாக ஒரு பூவை எடுத்து விரலோரம் போட்டார். செனட்டர் விரலை விட்டது, பூவைப் பார்த்தது, வாயைத் திறந்து ஒரே கவ்வு. இன்னொன்று போட்டார். அதுவும் போனது. மடல் துண்டைப் போட்டார். பச்சைச் சாறு தாடையில் வழிய மென்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் வாய்விட்டு எண்ணினார். பதினேழாவது வாயில் எண்ணிக்கை குழம்பிவிட்டது, கண்ணீர் மறைத்ததால்.

“அக்கா…”

படலருகே சோய்லா நின்றிருந்தாள். கையில் காற்றுத் துளை போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டி. சர்ச்சில் காலைப் பூசையை விட்டுவிட்டுப் புறப்பட்டிருக்கவேண்டும். அவள் பார்வை ஆமையில் இல்லை. நாற்காலிக்குக் கீழே, அந்த நிறத்தில் இருந்தது. அவளுக்கு ஒரு நொடி என்ன தோன்றியதோ, முகம் வெளிறிப் போயிருந்தது. பிறகு பார்வை மேலே ஏறி காசிமிரோவின் மீசைக்கு வந்து நின்றது.

“சாப்பிடறான்” என்றார் காசிமிரோ. பாதத்தை மறைக்க நினைத்தார். மறைத்தால் அவன் நிறுத்திவிடுவான் என்று அப்படியே வைத்திருந்தார். “இன்னைக்குத்தான் சாப்பிடறான். இத்தனை நாளும் உன்கிட்ட பொய் சொன்னேன்.”

“தெரியும் மச்சான். உங்களுக்குப் பொய் சொல்ல வராது. அக்காவும் சொல்லுவா.”

அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து மண்ணில் உட்கார்ந்தாள். அவர் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை; முந்தானை இருந்திருந்தால் வாயைப் பொத்தியிருப்பாள். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எத்தனை கோட் அடிச்சீங்க?”

“ஒண்ணு.”

“ஒண்ணு அடிச்சா நாலு நாள்ல உரிஞ்சிடும். அப்புறம் அவன் மறுபடி பட்டினி. அக்கா எப்பவும் ரெண்டு அடிப்பா. எங்க அந்தப் புட்டி?”

அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சோய்லா அவருடைய பாதத்தை வாளிமேல் தூக்கி வைத்து, தோலில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்து, ஒவ்வொரு நகமாகப் போட்டாள். தோலில் ஒரு பொட்டுகூடப் படவில்லை. அக்காள் தங்கை இருவருக்கும் ஒரே கை. செனட்டர் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

“அவன்கிட்ட சொன்னீங்களா?” என்று கேட்டாள் கடைசியில், தலையை நிமிர்த்தாமல்.

“இல்ல. வாய் வரல.”

“சொல்லாதீங்க.”

மூடியைத் திருகினாள். பத்திரத்தில் அவர் பெயரை எழுதச் சொல்லி அனுப்பிவிடுவதாகச் சொன்னாள். வேலியோரம் போடப் புல்லும் செடியும் தன் வீட்டிலிருந்து அடுத்த மாதம் கொண்டுவருவாளாம். சாப்பிட்டுவிட்டுப் போ என்றதற்கு, நூற்று முப்பது மைல் ஓட்டவேண்டும், வெயில் ஏறிவிடும் என்றாள். காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படலைத் தாண்டியவள் திரும்பி, “காயற வரைக்கும் எந்திரிக்காதீங்க, எல்லாம் இழுவிப் போயிடும்” என்றாள். வண்டி கிளம்பி, தெருமுனையில் திரும்பி, சத்தம் தேய்ந்து மறைந்தது.

காசிமிரோ விரல்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டு காலியாகிவிட்டது. செனட்டர் வாளியின் நிழலில் வயிற்றைத் தரையில் பதித்துக்கொண்டு கண்ணை மூடியது. தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது. அதைப் பொறுத்தவரை எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. எர்லிந்தா இல்லையென்று இந்த முற்றத்தில் தெரிந்தவர் இப்போது அவர் ஒருவர்தான்.

அவருக்குக் காபி குடிக்கவேண்டும் போலிருந்தது. நகம் இன்னும் ஈரம்.

“ஒரு காபி கொண்டா” என்று சமையலறைப் பக்கம் பார்த்துச் சொன்னார்.

செனட்டர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. கம்பிவலைக் கதவுக்குப் பின்னால் வீடு அப்படியே இருந்தது. இரண்டு கோட் காய்வதற்கு அரை மணி நேரம் ஆயிற்று.